பதில் வராமல் வெட்டக் கூடாது

மே 20, திங்கள்

கல்லூரியின் தோட்ட அதிகாரி ஞானராஜ் சார் இன்று ஒரு நீளமான பதிவேட்டைக் கொடுத்தார். எந்தக் கிளை, எத்தனை மணிக்கு இறங்கியது, யார் ஏறியது, யார் கயிறு பிடித்தது என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் மூன்று பேரில் பத்தாவது வரை போனவள் நான்தான், அதனால் அது என் தலையில் விழுந்தது. எழுத ஆரம்பித்தால் எனக்குக் கை நிற்காது. கல்லூரிக்கு வேண்டியதை அதில் எழுதிவிட்டு, எனக்கு வேண்டியதை உரக்கடையில் ஓசியாகக் கொடுத்த இந்த டைரியில் எழுதுகிறேன்.

மரத்தைச் சொல்லாமல் வேறு எதையும் சொல்ல முடியாது. தூங்குமூஞ்சி மரம். நாங்கள் மூன்று பேரும் கை கோத்துக் கட்டிப் பிடித்தும் வட்டம் முடியவில்லை. சாரையும் கூப்பிட்டோம். வெள்ளைச் சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் அவரும் வந்து கை கொடுத்தார், அப்புறம்தான் விரலோடு விரல் தொட்டது. மதுரையைச் சுற்றி எட்டு வருஷமாகக் கிளை கழிக்கிறோம், இப்படி ஒன்றில் கை வைத்ததில்லை. நிழலில் நாலு பஸ் நிற்கலாம். இதில் ஏறியே ஆக வேண்டும் என்று பார்த்த நிமிஷத்திலேயே நினைத்துவிட்டேன். காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஏப்ரலில் ஒரு கிளை ஒடிந்து சைக்கிள் கொட்டகை மேல் விழுந்திருக்கிறது. கமிட்டி, மரத்தையே அடியோடு வெட்டச் சொல்லிவிட்டது. சார்தான் மல்லுக்கட்டி, கனத்தைக் குறைத்தால் போதும் என்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார். ஒன்பது கிளை. ஜூன் ஏழாம் தேதி கல்லூரி திறப்பதற்குள் முடிய வேண்டும். "நடுவுல யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா மிஷினக் கொண்டாந்து சாச்சுருவாங்கம்மா. அப்புறம் எனக்குப் பேச வாயிருக்காது" என்றார்.

ஏறுகிறவர் என் வீட்டுக்காரர் ஒச்சப்பன். வெட்டும் கிளையைக் கயிற்றில் கட்டிப் பதமாக இறக்குகிறவன் வீரணன், அவருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன். நான் உயிர்க்கயிறு. அவர் இடுப்புப் பெல்ட்டில் கட்டிய கயிறு உச்சியில் கிளை இரண்டாகப் பிரியும் ஒரு கவையில் ஏறி இறங்கி என்னிடம் வரும். பக்கத்து வேப்பமரத்தில் அதை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பேன். அவர் சறுக்கினால் காப்பாற்றுவது அந்த இரண்டு சுற்றும் என் இரண்டு கையும்தான்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. மேலே இருப்பவர் "வெட்டட்டா?" என்று கேட்க வேண்டும். உயிர்க்கயிறு பிடிப்பவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு "வெட்டு" என்று சொல்ல வேண்டும். பதில் வராமல் வெட்டக் கூடாது. வேறு யார் சொன்னாலும் செல்லாது, கலெக்டரே வந்து சொன்னாலும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். என் வீட்டுக்காரர் என்னோடு பேசிப் பதினேழு நாள் ஆகிறது.

மே 21, செவ்வாய்

காரணத்தை எழுதிவிடுகிறேன். மூன்று மாசம் முன்னால் மாசியில், ஒரு டாக்டர் வீட்டு வேப்பமரத்தில் இவர் சறுக்கி ஆறேழு அடி இறங்கிவிட்டார். கயிறு பிடித்துக்கொண்டது, உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் வலது தோள் பிசகிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் "முடிச்சு வழுவிருச்சு" என்றுதான் சொன்னார். சரி, முடிச்சு.

மே மூன்றாம் தேதி அவர் தோளுக்கு எண்ணெய் போட வைத்தியரிடம் போயிருந்தார். மாமரத்துக்காரர் ஒருவர் அவசரப்படுத்தினார். வீரணனைக் கயிறு பிடிக்கச் சொல்லிவிட்டு நான் ஏறிவிட்டேன். மூன்று கிளை. கீழே இறங்கியபோது கால் தரையில் பாவவே இல்லை. உலகத்தில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று எட்டு வருஷமாக எனக்கு ஒருவரும் சொல்லவில்லை பாருங்கள்.

இவர் வந்து கேள்விப்பட்டார். தட்டை நகர்த்தி வைத்தார். அன்றைக்குப் போட்ட வாய்ப்பூட்டு. பெண்டாட்டி மரம் ஏறினால் இவருக்கு என்ன குறைந்துவிடும்? ஆம்பிளைத் திமிர், வேறென்ன.

இன்று முதல் கிளை. மேலே இருந்து இவர் கேட்கிறார், "டேய் வீரணா, வெட்டட்டானு கேளு."

வீரணன் பத்தடி தள்ளி நிற்கும் என்னைப் பார்த்து, "மதினி, அண்ணன் வெட்டட்டானு கேக்குது."

"வெட்டச் சொல்லுங்க கொழுந்தனாரே."

"அண்ணே, மதினி வெட்டச் சொல்லுது."

ஞானராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏம்மா, அவருக்குக் காது கேக்காதா?" என்றார். "பொண்டாட்டி சத்தம் மட்டும் கேக்காது சார்" என்றான் வீரணன்.

கிளை அழகாக இறங்கியது. ஒன்று முடிந்தது, இன்னும் எட்டு.

மே 22, புதன்

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் வழக்கம்போல மரப் பேச்சு. வீரணன் சொன்னான், "புளியமரம் நல்ல சம்பந்தி மாதிரி மதினி, கடைசி வரைக்கும் தாங்கும். முருங்க இருக்கே, சிரிச்சுக்கிட்டே ஒடியும். வேம்பு நல்ல மனுசன், கிரீச்சுன்னு ஒரு சத்தம் குடுத்துட்டுத்தான் ஒடியும். இந்தத் தூங்குமூஞ்சிய மட்டும் நம்பக் கூடாது. வெளிய பச்சையா நிக்கும், உள்ள பொத்தலா இருக்கும். வாயே தெறக்காது."

"சத்தம் குடுக்காத மரத்துக்குத்தான்டா பயப்படணும்" என்றார் இவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"அதை மனுசருக்கும் சொல்லச் சொல்லுங்க கொழுந்தனாரே" என்றேன்.

வீரணன் டிபன் பாக்ஸை மூடிவிட்டான். "நான் என்ன தபால்காரனா? அங்கிட்டும் இங்கிட்டும் கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு. நாளையில இருந்து நான் என் கயித்தத்தான் பாப்பேன். நீங்களாச்சு, உங்க ஊமை நாடகமாச்சு."

மே 23, வியாழன்

புது ஏற்பாடு. யார் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை, அதுவாக வந்தது. அவர் வெட்டத் தயாரானால் உயிர்க்கயிற்றை ஒரு தடவை சுண்டுகிறார். நான் பார்த்துவிட்டு ஒரு தடவை சுண்டினால் வெட்டு. இரண்டு தடவை சுண்டினால் பொறு. மூன்றாவது கிளை ஒரு வார்த்தை இல்லாமல் இறங்கியது. நாங்கள் சாமர்த்தியசாலிகள்தான். வீரணன் மட்டும், "இது சரியில்ல மதினி, சட்டம்னா சட்டம்" என்று முணுமுணுத்தான்.

மே 24, வெள்ளி

காலையில் உயிர்க்கயிற்றை வீரணன் கையில் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு நான் கிளை இறக்குறேன், நீங்க இதப் புடிங்க" என்றேன். எனக்கு எல்லா வேலையும் பழக வேண்டும் அல்லவா? இவர் பெல்ட்டை மாட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார். வந்தார், வீரணன் கையிலிருந்து கயிற்றை வாங்கினார், என் காலடியில் போட்டார், ஒரு வார்த்தை பேசாமல் மரத்துக்குப் போய்விட்டார். மாமரத்துக்குப் பிறகு நான் கயிற்றைக் கைமாற்றுவதும் அவர் திருப்பிப் போடுவதும் இது மூன்றாவது தடவை. அதிகாரம். கீழேயே கிட என்று அர்த்தம். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு சுற்றுக்கு மூன்று சுற்றாகச் சுற்றினேன்.

மே 25, சனி

நாலும் ஐந்தும் இறங்கின. ஆறாவதில் மைனாக் கூடு இருந்தது, குஞ்சு பறக்கட்டும் என்று அதைக் கடைசிக்குத் தள்ளினோம்.

விடுதியில் லீவுக்குப் போகாத பெண்கள் நாலு பேர் வந்து என்னிடம், "அக்கா, நீங்க ஏற மாட்டீங்களா?" என்று கேட்டார்கள். "ஏறுவேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், மேலே கேட்கட்டும் என்று.

மே 27, திங்கள்

கை வீங்கியிருக்கிறது. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு கோணல் மாணலாக எழுதுகிறேன்.

ஏழாவது கிளையில் சிவப்பெறும்புக் கூடு இருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. கூடு கலைந்ததும் எறும்பு உயிர்க்கயிறு வழியாக வரிசை கட்டி இறங்கிவிட்டது. அவர் கிளையின் அடிப் பக்கம் உட்கார்ந்து, ரம்பத்தைப் பாதி ஓட்டிவிட்டுக் காத்திருக்கிறார். வீரணன் தன் கயிற்றை இன்னும் சுற்றி முடிக்கவில்லை. "பொறு" என்று நான் இரண்டு தடவை சுண்ட வேண்டிய நேரம். அப்போதுதான் கடித்தது. ஒன்றல்ல, ஐம்பது அறுபது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை.

நான் விடவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தேன். ஆனால் கை தானாக ஒரு தடவை வெட்டி இழுத்துவிட்டது. மேலே அதற்கு அர்த்தம் வெட்டு.

அவர் வெட்டிவிட்டார். கிளை மொத்தமாகக் கிளம்பியது. வீரணன் கயிற்றைப் போட்டுவிட்டுக் குதித்தான். அவன் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்த சிமெண்டுப் பெஞ்சு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவன் மண்ணில் உட்கார்ந்து பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மரத்துல இருந்து விழுந்தவன மாடு மிதிச்ச கதை கேட்டிருக்கேன். மண்ணுல நின்னவன மரம் மிதிக்கப் பாத்துச்சே" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் அழுதுவிட்டேன். எறும்புக்காக என்று நினைத்திருப்பார்கள்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். நாங்கள் இரண்டு ஊமையும் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கொன்றிருப்போம்.

எழுதிவிடுகிறேன். இதை எழுதாமல் மற்றதை எழுதி என்ன பயன். மாசியில் முடிச்சு வழுவவில்லை. என் போன் அடித்தது. எடுக்கவில்லை, எடுக்கத்தான் போனேன். ஒரு கை இடுப்புக்குப் போன நேரத்தில் அவர் சறுக்கினார். சுற்று சரசரவென்று ஓடியது, மறு கையால் எட்டிப் பிடிப்பதற்குள் ஆறேழு அடி. முடிச்சு வழுவியது என்று அவராகவே சொன்னார், நான் ஆமாம் என்றேன். அன்றிலிருந்து அந்தக் கயிற்றைத் தொட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. மேலே போய்விட்டால் வேர்ப்பதில்லை. மேலே என் உயிர் மட்டும்தானே.

அவரிடம் சொல்ல வேண்டும். பேசாதவரிடம் எப்படிச் சொல்வது?

மே 28, செவ்வாய்

ஞானராஜ் சார் பிளந்த பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேலை போச்சு, மரமும் போச்சு என்று நினைத்தேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"இதுல எல்லா நாளும் 'குரல் கொடுத்து வெட்டப்பட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. குரல் குடுத்தீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"பெஞ்ச நான் பாத்துக்கிறேன், பழைய பெஞ்சுதான். ஆனா இனிமே நான் இங்கயே சேர் போட்டு உக்காருவேன். எனக்குக் கேக்கணும். அவரு கேக்கறது, நீங்க சொல்றது, ரெண்டும். வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்குங்க."

இவர் சார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க சார்" என்றார்.

மே 29, புதன்

இருபத்தாறு நாளைக்கு அப்புறம் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை. "வெட்டட்டா?"

நாலு பக்கமும் பார்த்தேன், இரண்டு தடவை. ஞானராஜ் சார் சேரில் இருந்து திரும்பிப் பார்த்தார். "வெட்டு" என்றேன். கல்யாணத்தன்று கூட இவ்வளவு படபடப்பு இல்லை.

இன்று மட்டும் ஏழு தடவை கேட்டார், ஏழு தடவை சொன்னேன். எட்டாவது கிளையும் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி பூட்டு. அரிசி தீர்ந்துவிட்டது என்பதை வீரணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவன் இவருக்குப் போன் போட்டுச் சொன்னான். இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருந்தோம்.

மே 31, வெள்ளி

எட்டு முடிந்தது. மைனாக் குஞ்சுகள் பறந்துவிட்டன, அந்தக் கிளையும் நேற்றே இறங்கியது. மிச்சம் ஒன்று. அதுதான் மோசமானது. கலையரங்கத்தின் ஓட்டுக்கூரை மேல் நீட்டிக்கொண்டு போகிறது. நுனிக் கனத்தைக் குறைக்காவிட்டால் முதல் மழைக்காற்றிலேயே கூரையில் உட்கார்ந்துவிடும்.

ஜூன் 1, சனி

இவர் ஏறிப் பார்த்தார். பாதி தூரம் போனதும் கிளை தாழ்ந்தது. ஒரு அடி, இரண்டு அடி. சார் சேரை விட்டு எழுந்துவிட்டார். நான் கயிற்றை இறுக்கி, "திரும்புங்க" என்று கத்திவிட்டேன். இவர் ஊர்ந்து பின்னால் வந்தார்.

கீழே வந்து தண்ணீர் குடித்தார். வெகு நேரம் அண்ணாந்து பார்த்தார். எண்பது கிலோ மனுஷனை அது தாங்காது, வீரணனும் அதே கனம். மூன்று பேருக்கும் தெரியும். நானாகக் கேட்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"வீரணா, அவள ஏறச் சொல்லு. திங்கக்கிழம" என்றார்.

"அண்ணே, நெசமாவா?"

"அம்பது கிலோகூட இருக்க மாட்டா. தாங்கும்."

அவ்வளவுதான் சொன்னார். என் கனத்தை எப்போது கணக்குப் போட்டார் என்று தெரியவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

நாளைக்கு ஏறுகிறேன். பெல்ட்டில் எனக்கு என்று புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார். ஆணியைக் காய்ச்சி அவரே போட்டது. நான் பார்க்காத நேரத்தில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தார். துணி துவைத்தேன், குழம்பு வைத்தேன், எதைச் செய்கிறேன் என்றே தெரியாமல் செய்தேன். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஜூன் 3, திங்கள்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

ஏழு மணிக்குப் பெல்ட்டு மாட்டினேன். அவர் வந்து ஒவ்வொரு வளையமாக இழுத்துப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. உயிர்க்கயிற்றை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் போனார். அவர் கீழே நிற்பதை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். எட்டு வருஷமாக அவருடைய உள்ளங்காலைத்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.

ஏறினேன். முதல் கவை வரைக்கும் ஏணி, அதற்கு மேல் மரம்தான். பட்டை சொரசொரவென்று கைக்கு நல்ல பிடி. உச்சிக் கவையைத் தாண்டியதும் காற்று வந்தது. நாகமலை முழுசாகத் தெரிந்தது, விடுதி மாடியில் அந்த நாலு பெண்களும் கையை ஆட்டினார்கள், ரயில் ஒன்று சின்னதாகப் போனது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பிறகு கிளை மேல் ஊர்ந்தேன். தாழ்ந்தது, ஆனால் கொஞ்சம்தான். நான் ஒரு சாண் நகர்ந்தால் கயிறு ஒரு சாண் தளர்கிறது, நின்றால் நிற்கிறது. கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நுனியில் வீரணனின் கயிற்றைக் கட்டினேன். முதலில் அடிவெட்டு போட்டேன், பட்டை கிழியாமல் இருக்க. ரம்பத்தை மேல் பக்கம் வைத்தேன். கீழே பார்த்தேன்.

வேப்பமரத்தில் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிசகிய தோளோடு அண்ணாந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது இத்தனை உயரத்துக்கும் தெரிந்தது. கண்ணை எடுக்கவில்லை. நான் கயிறு பிடிக்கும்போது இப்படி ஒரு தடவையாவது பார்த்திருப்பேனா என்று தெரியவில்லை.

"வெட்டட்டா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். வேறு வந்துவிட்டது.

"மாமா. மாசியில முடிச்சு வழுவல. போன் அடிச்சுச்சு. நான்தான் கைய எடுத்துட்டேன்."

சத்தமாகத்தான் வந்தது. ஞானராஜ் சார் கேட்டிருப்பார், வீரணன் கேட்டான், மாடியில் நின்ற பிள்ளைகளும் கேட்டிருக்கும். கீழே ஒரு அசைவும் இல்லை. கயிறு இம்மி தளரவில்லை. ரம்பப் பல்தான் பட்டையில் கடகடவென்று ஆடியது. பதில் வராமல் வெட்டக் கூடாது, இறங்கவும் முடியாது. அப்படியே கிடந்தேன்.

அவர் தலையைத் திருப்பி இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். வீரணனைப் பார்த்தார், அவன் தலையாட்டினான். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியும். வெட்டு" என்றார்.

வெட்டினேன். கிளை ஒரு பெருமூச்சு விட்டுத் தொங்கியது, வீரணன் ஒரு ஓடுகூட உரசாமல் அதை இறக்கினான். சார் கை தட்டினார். எனக்குக் கண் மறைத்ததால் சரியாகப் பார்க்கவில்லை.

இறங்கிப் பெல்ட்டை அவிழ்க்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். மற்ற இரண்டு பேரும் கிளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போயிருந்தார்கள்.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"முடிச்சு போட்டது நானு. என் முடிச்சு வழுவுமா?"

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன, உன் கையவா சொல்லச் சொல்ற?"

கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அவராகவே பேசினார். "நீ மரம் ஏறுனதுக்குன்னு நெனச்சியா? ஏறு, நல்லாத்தான் ஏறுற. ஆனா அன்னையில இருந்து எங் கயித்த எவன் தலையிலயாவது கட்டிட்டு ஓடப் பாத்தியே, அதுதான் பொறுக்கல. ஒரு தடவ விட்டவளுக்குத்தான்டி அடுத்த தடவ விடக் கூடாதுன்னு தெரியும்."

கயிற்றின் மறு நுனியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"நாளைக்கு உச்சியில பட்டுப்போன குச்சியெல்லாம் சுத்தம் பண்ணணும். நான் ஏறுறேன்" என்றார். "நீ புடி."

புடிக்கிறேன் என்றேன்.